பாக் பக்கம் போன சிட் மையர்

நண்பர் ஒருவரோடு நெடுநாளாக ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. இருவருமே சிவிலைசேஷன் பித்தர்கள்; ஒரு நாகரிகத்தை ஆதிகாலம் முதல் வளர்த்தெடுக்கும் கணினி கேம் அது. "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்று சொல்லிச் சொல்லியே பொழுது விடியவிட்டவர்கள். அவருடைய கட்சி இதுதான்: அந்த கேமை உருவாக்கிய சிட் மையர் 1991-இல் சிவிலைசேஷனோடு உச்சியைத் தொட்டுவிட்டார், அதற்கப்புறம் மிஞ்சியது பெட்டியின் மேல் இருக்கும் பெயர் மட்டும்தான். இதற்கு அவர் கொண்டுவரும் முதல் சாட்சி, 1994-இல் வந்த 'சி.பி.யு. பாக்'. எல்லோரும் அடுத்த பாகம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, அதைச் செய்ய வேண்டிய ஆள் கேமே இல்லாத ஒன்றில் போய் ஏன் உட்கார்ந்தார் என்பார். பொன்னான காலத்தை வீணாக்கிவிட்டார் என்பது அவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. அதனால்தான் அது என்னை விடாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது.

பெயரையே கேள்விப்படாதவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பதால், சி.பி.யு. பாக் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 3டிஓ என்ற கேம் கருவிக்காக வந்த ஒரு குறுந்தகடு அது. அதைப் போட்டால் பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்கின் பாணியில் இசை கேட்கும். பதிவு செய்து வைத்த இசை அல்ல. அந்தக் கணத்தில் கருவி தானே இயற்றி வாசிக்கும் புது இசை. எந்த வகை, எந்தெந்த வாத்தியங்கள் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். அவ்வளவுதான். எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, வெற்றி தோல்வி இல்லை. கேம் என்பது சுவாரசியமான முடிவுகளின் தொடர் என்று சொல்லிப் புகழ்பெற்ற ஒருவர், ஆடுபவர் முடிவெடுக்க ஏறக்குறைய எதுவுமே இல்லாத ஒன்றைத் தன் நாற்பதாவது வயதில், புகழின் உச்சத்தில் இருந்தபோது செய்தார்.

நம்மில் பலருக்கு மையர் என்றதும் நினைவுக்கு வருவது, சிவிலைசேஷனில் இந்தியாவின் தலைவராக வந்து அணுகுண்டு போடும் காந்திதான். காந்தியின் ஆக்ரோஷ எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், உச்ச எண்ணான 255 ஆகத் திரும்பிவிட்டது என்ற கதையை யார் யாரோ எத்தனையோ தடவை எழுதிவிட்டார்கள். அப்படி ஒரு பிழை முதல் சிவிலைசேஷனில் இருக்கவே இல்லை என்று 2020-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் மையரே மறுத்திருக்கிறார். அந்த கேமில் எல்லாத் தலைவர்களும்தான் அணு ஆயுதம் காட்டி மிரட்டுவார்கள். காந்தியின் வாயில் கேட்கும்போது மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறது. நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு தொழில்வாழ்க்கையில் நடக்காத ஒரு பிழையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்; நடந்த ஒரு துணிச்சலைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

பார்வையாளனாகிப் போன ஆட்டக்காரர்

ஆரம்பக் கதை தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். 1954-இல் கனடாவின் சார்னியாவில் பிறந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்து, பெரிய கடைகளின் பணப்பதிவு எந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் வேலையில் இருந்தவர். உடன் வேலை பார்த்த பில் ஸ்டீலி விமானப்படையில் விமானம் ஓட்டியவர். 1982-இல் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில், ரெட் பேரன் என்ற ஆர்கேட் விமான கேமில் மையர் அவரைத் தோற்கடித்தார். எதிரி விமானங்கள் எப்படி நகர்கின்றன என்பதைக் கவனித்து மனப்பாடம் செய்துவிட்டதாகவும், இதைவிட நல்ல கேமைத் தன்னால் எழுத முடியும் என்றும் சொன்னார். எழுது, நான் விற்கிறேன் என்றார் ஸ்டீலி. மேரிலாந்தில் மைக்ரோப்ரோஸ் என்ற கேம் நிறுவனம் பிறந்தது. ஹெல்கேட் ஏஸ், எஃப்-15 ஸ்ட்ரைக் ஈகிள், சைலன்ட் சர்வீஸ் என்று போர் விமானங்களும் நீர்மூழ்கிக் கப்பல்களுமாக வரிசையாக வந்தன. இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். விமானம் ஓட்டிய மனிதரை விமானம் ஓட்டாத மனிதர் ஜெயித்தது விதிகளைப் படித்து. திரைக்குப் பின்னால் எந்த விதி இயங்குகிறது என்று மையர் பார்த்தார். அதற்கப்புறமும் அவர் பார்வை அங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

1990-க்கு வருவோம். ரயில் நிறுவனம் நடத்தும் கேமான ரெயில்ரோட் டைக்கூன் அந்த ஆண்டில் வந்தது. அதில் அவருடன் உழைத்த புரூஸ் ஷெல்லி, அவலோன் ஹில்லில் பலகை விளையாட்டுகள் செய்துவிட்டு வந்தவர். இருவரும் அடுத்ததாக எடுத்தது சிவிலைசேஷன். இதன் முதல் வடிவம் நாம் அறிந்த சிவிலைசேஷன் இல்லை. வில் ரைட்டின் நகரம் கட்டும் கேமான சிம்சிட்டி 1989-இல் வந்து எல்லோரையும் அசத்தியிருந்த நேரம். மையரும் அந்தப் பாணியில் நேரம் தானாக ஓடும்படி செய்திருந்தார். இந்தப் பகுதியில் விவசாயம், அந்தப் பகுதியில் சுரங்கம் என்று வரைபடத்தில் குறித்துவிட்டால் போதும். மீதி தானே வளரும். ஆடுபவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் சிக்கல். ஒரு பேரரசை எழுப்ப வந்தவர் வேடிக்கை பார்ப்பவராகிவிட்டார். மையர் அதை ஓரமாக வைத்துவிட்டு, பாதியில் நின்றிருந்த கோவர்ட் ஆக்‌ஷனை முடிக்கப் போனார். திரும்பி வந்ததும் ஓடும் நேரத்தை எடுத்துவிட்டு டர்ன் முறைக்கு மாற்றினார். நீங்கள் ஒன்று செய்தால்தான் உலகம் ஒரு அடி நகரும். நாமெல்லாம் தூக்கம் தொலைத்தது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

கோவர்ட் ஆக்‌ஷன் பற்றியும் ஒரு வார்த்தை. உளவாளி கேம். சங்கேதம் உடைப்பது, கார் துரத்துவது, கட்டடத்துக்குள் புகுவது என்று தனித்தனியாக நன்றாக இருந்த சின்னச் சின்ன ஆட்டங்கள். ஆனால் ஒரு கட்டடத்துக்குள் புகுந்து நெடுநேரம் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தால், எந்தச் சதியைத் துப்பறிந்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகும். இரண்டு அருமையான கேம்களைவிட ஒரு நல்ல கேம் மேல் என்று அவர் அப்புறம் அதையே ஒரு விதியாகச் சொல்லத் தொடங்கினார். டிசைனர்கள் இன்றும் அதை அந்த கேமின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

ஆக, 1990-இல் இந்த மனிதருக்கு ஒன்று தெளிவாகத் தெரியும்: ஆடுபவரை வேடிக்கை பார்க்கவிடக் கூடாது. கேம்கள் மூன்று வகை என்று அவர் சொல்வதுண்டு. டிசைனர் மட்டும் மகிழும் கேம், கணினி மட்டும் மகிழும் கேம், ஆடுபவர் மகிழும் கேம். செய்ய வேண்டியது மூன்றாவதை. சரி, அப்படியென்றால் சி.பி.யு. பாக் எந்த வகை? சந்தேகமே இல்லை, இரண்டாவது வகை. கணினி ஆடுகிறது, நாம் உட்கார்ந்து கேட்கிறோம். தான் தூக்கி எறிந்ததையே மையர் சில ஆண்டுகள் கழித்துத் தேடிப் போய் எடுத்திருக்கிறார். நண்பர் இதைத்தான் சறுக்கல் என்கிறார். எனக்கு அவருடைய தொழில்வாழ்க்கையின் திருப்பமே இதுதான் என்று படுகிறது.

விதியிலிருந்து எழும் இசை

சிவிலைசேஷன் முடிந்தபோது மையருக்கு 37 வயது. களைத்துப் போயிருந்தார். ஆறாயிரம் ஆண்டு மனித வரலாற்றை ஃப்ளாப்பியில் அடைத்தாயிற்று. இதைவிடப் பெரிதாக என்ன செய்வது? அந்த நிலையில் மற்றவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. அதே கேமை இன்னும் பெரிதாகச் செய்வார்கள், அல்லது ஒதுங்கிவிடுவார்கள். மையர் ஒப்பிடவே முடியாத ஒரு இடத்துக்குப் போனார். அவருக்கு மிகவும் பிடித்த இசை பாக். பக்கத்திலேயே ஜெஃப் பிரிக்ஸ் இருந்தார். இசையமைப்பில் முனைவர் பட்டம் பெற்றவர், சிவிலைசேஷனுக்கு இசை தந்தவர். இருவரும் சேர்ந்து செய்தது வெறும் பொழுதுபோக்குச் சோதனை அல்ல. இசையை அந்தக் கணத்திலேயே இயற்றி ஒலிக்கச் செய்யும் முறைக்கு அவர்கள் இருவர் பெயரிலும் 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

பாக்கின் ஃபியூக் ஒன்றைப் பொறுமையாகக் கேட்டால், மையர் ஏன் அங்கே போனார் என்பது புரியும். ஒரு குரல் தனியாக ஒரு மெட்டோடு நுழைகிறது. அது முடியும் இடத்தில் இரண்டாவது குரல் அதே மெட்டை வேறு சுருதியில் எடுக்கிறது. முதல் குரல் நிற்காமல் அதற்கு எதிராக வேறொன்றைப் பாடுகிறது. மூன்றாவது வருகிறது, நான்காவது வருகிறது. எந்த இரண்டு சுரங்கள் சேரலாம், எவை சேர்ந்து ஒரே திசையில் நகரக் கூடாது, உரசும் சுரம் எப்படி இறங்கி அமைதி காண வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கறாரான விதிகள் உண்டு. அந்த விதிகளை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால் இசை வராது. விதிக்குள் எத்தனையோ வழிகள் திறந்திருக்கும். ஒவ்வொரு சுரத்திலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைக் கைவிட வேண்டும். நல்ல தேர்வு காதுக்கு ஒரே நேரத்தில் எதிர்பாராததாகவும், இப்படித்தான் வந்திருக்க முடியும் என்பது போலவும் கேட்கும். சிவிலைசேஷனில் நல்ல ஒரு ஆட்டம் நடந்து முடிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எனக்கு இதே உணர்வுதான் வரும். அந்த நகரத்தை அந்த ஆற்றங்கரையில் வைத்ததும், அந்த அண்டை நாட்டோடு சண்டை வந்ததும் யாரும் எழுதி வைத்த கதை அல்ல. ஆனால் எழுதி வைத்தது போல ஒரு வடிவம் அதற்கு வந்துவிடுகிறது.

விதிகளையும் தேர்வையும் வைத்து இசை செய்யும் எண்ணம் கணினியோடு வந்ததும் அல்ல. பாக்கிடமே படித்த கிர்ன்பெர்கர் 1757-இல் ஒரு முறையை வெளியிட்டார்: பகடையை உருட்ட வேண்டியது, விழும் எண்ணுக்குரிய இசைத் துணுக்கை எடுக்க வேண்டியது, வரிசையாகச் சேர்த்தால் ஒரு மினுவெட் நடனத்துக்கான இசை. இசை தெரியாதவரும் இயற்றலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வீடுகளில் இப்படிப்பட்ட பகடை இசை ஆட்டங்கள் பிரபலமாக இருந்தன. அதாவது, மையர் கேமை விட்டுவிட்டு இசைக்குப் போனார் என்று சொல்வதே சரியில்லை. இசை ஒரு காலத்தில் கேமாகவும் இருந்த இடத்துக்குத்தான் போனார். பகடை செய்ததைவிட மிக நுணுக்கமான தேர்வுகளைச் செய்ய எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்.

விற்பனையில் அது தோற்றது. அதில் விவாதமே இல்லை. அன்றைய பி.சி.களில் ஆளுக்கொரு சவுண்ட் கார்டு இருந்தது, ஒரே இசை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒரே ஒலி வரும் கருவி வேண்டும் என்று 3டிஓ-வைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கருவி 1993-இல் வந்தபோது விலை 699 டாலர். வாங்க ஆள் குறைவு. 1996-இல் அதன் கதையே முடிந்துபோனது. வாங்கிய கொஞ்சப் பேரும் கேம் ஆட வாங்கியவர்கள். பாக் கேட்க விரும்பியவர்கள் வீட்டில் ஏற்கெனவே பாக் இருந்தார். நண்பர் இந்த இடத்தில் எப்போதும் புன்னகைப்பார். விற்பனை எண்ணை வைத்து ஒரு டிசைனரின் காலத்தை அளப்பதை நான் ஏற்பதில்லை. அப்படி அளந்தால், ஒருவர் வாழ்நாள் முழுக்க எஃப்-15-களை மட்டுமே செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

பெயரும் பெயருக்குரியவரும்

மையரின் பெயர் பெட்டியில் ஏறிய கதை வேடிக்கையானது. 1987-இல் பைரேட்ஸ்! வரும்போது, விமான கேம்களை வாங்கிப் பழகியவர்கள் கடற்கொள்ளையர் கேமைத் தொடுவார்களா என்று ஸ்டீலிக்குப் பயம். அதே ஆள் செய்ததுதான் என்று தெரிந்தால் வாங்குவார்கள் என்று பெயரை முன்னால் போட்டார். ஒரு விருந்தில் நடிகர் ராபின் வில்லியம்ஸ்தான் இந்த யோசனையைத் தந்தார் என்பது ஸ்டீலி சொல்லும் கதை. அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒரு முத்திரையாகவே மாறிவிட்டது. 1994-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டில் வந்த காலனைசேஷனில் பெரிய எழுத்தில் மையர் பெயர் இருக்கும். அதை வடிவமைத்தவர் பிரையன் ரெனால்ட்ஸ். அதே ஆண்டில் மையர் உட்கார்ந்து உழைத்தது சி.பி.யு. பாக்கில். நன்றாக விற்ற பெட்டியில் அவர் பெயர் இருந்தது, யாரும் வாங்காத பெட்டியில் அவர் இருந்தார்.

இதைப் பார்த்துப் பெயரை விற்றுப் பிழைத்தார் என்று சொல்வது எளிது. எனக்கு வேறொன்று தெரிகிறது. தன் உச்சப் படைப்பை மற்றவர் கையில் கொடுக்க ஒரு படைப்பாளிக்கு எவ்வளவு மனம் வேண்டும்! இரண்டாம் பாகத்தை 1996-இல் ரெனால்ட்ஸ் செய்தார். நண்பர் தலையில் வைத்துக் கொண்டாடுவது அந்தப் பாகத்தைத்தான். மையர் பாக்கோடு உட்காராமல் தானே இரண்டாம் பாகத்தைச் செய்திருந்தால் அது கிடைத்திருக்காது என்று நான் சொல்லும்போது மட்டும் அவர் பேச்சை மாற்றிவிடுவார். அதே 1996-இல் மையர், பிரிக்ஸ், ரெனால்ட்ஸ் மூவரும் மைக்ரோப்ரோஸை விட்டு வெளியேறி ஃபிராக்சிஸ் என்ற புது நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நான்காம் பாகம் சொரன் ஜான்சன், ஐந்தாம் பாகம் ஜான் ஷேஃபர், ஆறும் ஏழும் எட் பீச். ஒவ்வொருவரும் தைரியமாக எதையாவது மாற்றினார்கள். மூன்றில் ஒரு பங்கு பழையது, ஒரு பங்கு செம்மையானது, ஒரு பங்கு புத்தம் புதியது என்று அந்த நிறுவனத்தில் ஒரு கணக்கு உண்டு. முதலில் செய்தவர் எப்போதும் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தால் அந்தக் கடைசிப் பங்குக்கு யாருக்கும் துணிவு வந்திருக்காது.

காதும் கணக்கும்

2010-இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் மையர் ஆற்றிய சிறப்புரைதான் இந்த வாக்குவாதத்தில் என் பக்கத்துப் பெரிய ஆதாரம். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2008-இல், கன்சோல்களுக்காக சிவிலைசேஷன் ரெவல்யூஷனை அவரே வடிவமைத்திருந்தார். அதில் சண்டைக்கு முன்னால் இரு தரப்பின் பலமும் எண்ணாகத் தெரியும். மூன்றுக்கு ஒன்று என்றால் கணக்குப்படி நான்கில் ஒரு தடவை தோற்க வேண்டும். ஆடிப் பார்த்தவர்கள் கொதித்தார்கள்: என் கையில் மூன்று, அவன் கையில் ஒன்று, நான் எப்படித் தோற்பேன்? அதே ஆட்கள் ஒன்றுக்கு மூன்று என்ற நிலையில் ஜெயித்தால் எந்தப் புகாரும் சொல்லவில்லை. இரண்டுக்கு ஒன்றில் தோற்பதை ஏற்றுக்கொண்டவர்கள் இருபதுக்குப் பத்தில் தோற்பதை ஏற்கவில்லை; வித்தியாசம் பத்து ஆயிற்றே! மையர் அவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கவில்லை. விதியை மாற்றினார். முந்தைய சண்டையின் முடிவையும் கணக்கில் சேர்த்து, தொடர்ந்து அடிவாங்குவது போன்ற உணர்வு வராமல் பார்த்துக்கொண்டார்.

இதைக் கேட்டபோது எனக்கு உடனே பாக் நினைவுதான் வந்தது. மையர் எங்கும் இப்படிச் சொன்னதில்லை; இது என் ஊகம். இசையிலும் எண்கள் சரியாக இருந்தால் போதாது. அடுத்த சுரம் எங்கே போகும் என்று கேட்பவரின் காது ஏற்கெனவே ஒன்றை எதிர்பார்த்திருக்கும். அந்த எதிர்பார்ப்பை எப்போது நிறைவேற்றுவது, எப்போது கொஞ்சம் தள்ளிப்போடுவது, எப்போது ஏமாற்றுவது என்பதுதான் வேலை. முழுக்கத் தற்செயலாக வரும் சுரங்கள் இரைச்சலாகக் கேட்கும். எதிர்பார்த்தபடியே வருவன சலிப்பூட்டும். ஒரு எந்திரத்துக்கு இந்த நுட்பத்தை வரிவரியாக எழுதிக்கொடுத்துப் பாடுபட்ட ஒருவர், பிற்காலத்தில் ஆடுபவரின் மனதில் என்ன எதிர்பார்ப்பு இருக்கிறது என்பதே கணக்கைவிட முக்கியம் என்று பேசுவது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. சி.பி.யு. பாக்கில் எந்திரம் மட்டும் ஆடியது, கேட்பவர் சும்மா இருந்தார். ஆனால் அந்தக் கேட்பவருடைய காதுக்காகத்தான் அத்தனை விதிகளும்.

அந்தப் பேச்சில் இன்னொன்றும் உண்டு. பேரரசுகள் எழுவதும் விழுவதும் மீண்டும் எழுவதுமாக சிவிலைசேஷன் இருக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் ஆசை. ஆனால் விழும் கட்டம் வந்ததுமே ஆடுபவர்கள் முன்பு சேமித்து வைத்த ஆட்டத்தை ஏற்றி அதற்கு முன்னால் போய்விடுவார்கள். வரலாற்றின் மிகப் பெரிய உண்மை ஒன்றை மனிதர்களின் மனதுக்காக அவர் விட்டுக்கொடுத்தார். எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. விழுந்து எழும் சிவிலைசேஷனை ஆட எனக்கு ஆசை. 2025-இல் வந்த ஏழாம் பாகம் ஒரு ஆட்டத்தைக் காலகட்டங்களாக உடைத்து, நடுவில் நாகரிகத்தையே மாற்றச் சொல்கிறது. பலருக்கு அது பிடிக்கவில்லை. மையர் அன்று விட்டுக்கொடுத்தது ஏன் என்பதற்கு அந்த அதிருப்தியே சாட்சி.

சி.பி.யு. பாக்குக்குப் பிறகும் அவர் தோற்றிருக்கிறார். 2000 வாக்கில் டைனோசர்களை வைத்து ஒரு கேமுக்கு முயன்றார். டர்ன் முறையில் செய்து பார்த்தார், ஓடும் நேரத்தில் செய்து பார்த்தார், சீட்டாட்டமாகவும் செய்து பார்த்தார். எதுவும் பிடி கொடுக்கவில்லை, கைவிட்டார். அந்த முயற்சியைப் பற்றி வெளிப்படையாகவும் எழுதினார். அப்புறம் 2002-இல் சிம்கோல்ஃப் வந்தது. முன்மாதிரியைத் தானே உட்கார்ந்து நிரல் எழுதிச் செய்து, ஆடிப் பார்த்து, சரியில்லையென்றால் தூக்கிப் போடும் பழக்கம் அவரிடம் மாறவே இல்லை. பெயர் பெரிதானதும் கூட்டங்களில் உட்கார்ந்து தலையாட்டும் மேலாளராக அவர் மாறாமல் இருந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவருடைய பழைய கேம்களுக்கு மறுபிறவி கிடைத்திருக்கிறது. பைரேட்ஸ்! 2004-இல் புது உருவில் வந்தது, ரயில்கள் 2006-இல் திரும்பி வந்தன. சி.பி.யு. பாக் மட்டும் 3டிஓ-வைத் தாண்டி எங்கும் வரவில்லை. இப்போது யாரிடமும் சவுண்ட் கார்டுச் சிக்கல் கிடையாது. வேலை செய்துகொண்டே பின்னணியில் முடிவில்லாமல் இசை ஓடவிடுவது கோடிக்கணக்கானவர்களின் அன்றாடப் பழக்கம். வேண்டியதை இயற்றித் தரும் எந்திரங்களைப் பற்றி எல்லோரும் பேசும் காலம் இது. மலைமலையாகப் பழைய இசையை விழுங்காமல், இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்து எழுதிய விதிகளால் மட்டும் பாக் பாணியில் இயற்றிய ஒரு நிரல் 1994-லேயே இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் கேட்டுப் பார்க்க வேண்டும். உரிமை யாரிடம் இருந்தாலும், அவர்கள் முதலில் மறுவெளியீடு செய்ய வேண்டியது இதைத்தான்.